ஆறாவது பட்டை

ஒரு மனிதன் ஒரு காரின் பின்பக்கத்தையே ஏழு வருடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? பைத்தியம் என்றுதான் சொல்லும். செம்மங்குப்பம் டீக்கடையில் அடைக்கலராஜை அப்படித்தான் சொன்னார்கள், அதுவும் அவன் காதில் விழும்படி. அவன் மறுத்துப் பேசியதில்லை. டீயைக் குடித்து கிளாஸை வைத்துவிட்டு, சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிர்ச்சாரியில் இருந்த தன் பட்டறைக்குப் போய், அந்த வெள்ளை பியட்டின் அடியில் மறுபடி படுத்துக்கொள்வான்.

மற்றபடி அவன் மேல் குற்றம் சொல்ல எதுவும் கிடையாது. கம்பெனி ஆட்களின் பைக், லோடு ஆட்டோ, வாடகைக் கார் எல்லாம் அவனிடம்தான் வரும். சொன்ன நாளில் வண்டியைக் கொடுக்கிற மெக்கானிக்கைக் கடலூரில் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும்; அவன் கொடுப்பான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் வண்டியைப் பற்றியே பேசிவிட்டு வந்தான். மூன்றாவது இடம் பார்க்க அவன் வீட்டாருக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போவான். கடைசி வரிசையில் நிற்பான். பூசை முடிந்து கூட்டம் முன்வாசலுக்கு நகரும்போது அவன் மட்டும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுவான். முன்வாசலில் ரோசி நிற்பாள். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. இந்த நழுவலும் ஏழு வருடமாக நடந்தது.

ரோசி, ஆரோக்கிய ஜெகனின் மனைவி. ஜெகன் அந்த வெள்ளை பியட்டை வாடகைக்கு ஓட்டியவன். அடைக்கலராஜும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள்; ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, மச்சான்தான். 2004-ஆம் வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்து கொண்டுபோன ஆட்களில் ஜெகனும் ஒருவன்.

அதற்கு மூன்று நாள் முன்பு நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். கடலூர் வாடகைக் கார்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழி பிறந்தால் வேளாங்கண்ணிக்கு ஆள், சிதம்பரம் தரிசனத்துக்கு ஆள், கடற்கரைக்கு ஆள். ஐந்து பேர் உட்காருகிற வண்டியில் எட்டு பேர் ஏறுவார்கள். பின்பக்கம் தாழ்ந்து ரோட்டில் உரசும். அதனால் சீசனுக்கு முன்னால் பின்னச்சுக்கு மேலே வில்போல் வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளோடு பக்கத்துக்கு ஒன்று கூடுதலாகச் செருகிவிடுவார்கள். சீசன் முடிந்ததும் கழற்றுவதாகத்தான் பேச்சு. யாரும் கழற்றியதில்லை.

"ஆளு ஏறுனா பின்னாடி தரை தட்டுது மச்சான். ஆறாவது பட்டை ஏத்திக் குடு" என்று ஜெகன் வந்து நின்றான்.

"ஏத்தலாம். காலியா ஓட்டுனா தூக்கித் தூக்கிப் போடும். மணலு சேறுன்னா ஒரு பக்கத்துச் சக்கரம் தரையில பதியாது. சும்மா சுத்தும்."

"நான் எங்க காலியா ஓட்டப் போறேன்? இது சீசன் மச்சான்."

இருவரும் சிரித்தார்கள். அடைக்கலராஜ் பட்டையை ஏற்றினான். அதோடு, இடது பின்கதவில் கண்ணாடி இறக்கும் கைப்பிடி உடைந்து கிடந்ததைப் பார்த்து, பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வால்வைத் திருகும் சின்னச் சிவப்புச் சக்கரத்தைப் பொருத்திக் கொடுத்தான். கோயில் தேர்ச் சக்கரம் மாதிரி இருக்கிறது என்று ஜெகன் கேலி செய்தான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

செவ்வாய்க்கிழமை அடைக்கலராஜ் வண்டியைக் கண்டுபிடித்தான். தேவனாம்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிற மணல் பாதையில், ஜெகனின் வாடகை வீட்டுக்கு நூறு அடி தள்ளி, கருவேல முள்ளுக்குள் கிடந்தது. மூக்கு கடலைப் பார்த்து இருந்தது. தண்ணீர் திருப்பிப் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அங்கே நின்ற மீன்காரர் ஒருவர், யாரும் கேட்காமலே சொன்னார்: "பின் சக்கரம் சுத்திக்கினே இருந்துச்சி தம்பி. வண்டி நவுறல. அப்புறம்தான் பெரிய அலை வந்துச்சி."

அந்த வாக்கியம் அடைக்கலராஜுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அவனால் கடைசி வரை எழுப்பி அனுப்ப முடியவில்லை.

அடக்கத்தன்று ரோசி அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். இரண்டு வயதுப் பெண் ஜோதி மேரி அவள் இடுப்பில் இருந்தாள். "அண்ணே, அன்னிக்கி அந்த வண்டி..." என்று ஆரம்பித்தாள். அவன் முடிக்கவிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான், கல்லறை வாசல் தாண்டியதும் ஓடினான். அந்த வண்டி ஏன் நின்றது என்றுதானே கேட்பாள்? அதற்குப் பதில் அவனிடம் இருந்தது. அதைச் சொல்ல வாய் இல்லை.

நான்கு மாதம் கழித்து, பியட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம், "கெடக்கட்டும்" என்றான். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கியபோது, அடிச்சட்டத்தின் பொந்திலிருந்து ஒரு கை மணல் கொட்டியது. கழுவினான். மறுநாள் தூக்கியபோது மறுபடி ஒரு கை. எத்தனை தடவை கழுவினாலும், காற்றடித்து ஊதினாலும், தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் வந்தது. அதைக் கூட்டிக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு கிரீஸ் டப்பாவில் சேர்த்தான். முதல் டப்பா நிறைந்த பிறகு அவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

சத்தம் இன்னும் மோசம். கிரைண்டரைப் போட்டு நிறுத்தினால், கல் இரும்பைத் தொடாமல் வெறுமனே சுற்றி ஓயும் அந்த இழுவைச் சத்தம் அவனுக்கு மணலில் சுற்றுகிற சக்கரமாகக் கேட்டது. நட்டநடுப் பகலில், வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே, கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பான். சத்தம் ஓய்ந்த பிறகுதான் உள்ளே போவான்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு விடியற்காலையில் வண்டியைப் பெண்ணையாற்று மணலுக்கு ஓட்டிப் போனான். ஆறு பட்டையோடு, அவன் ஒருவன் மட்டும். நடு மணலில் நிறுத்தி மறுபடி எடுத்தான். இடது பின் சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. மீன்காரர் சொன்னது அப்படியே அவன் முதுகுக்குப் பின்னால் நடந்தது. இறங்கி வந்து அந்தக் குழியைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். பிறகு ஒரு முடிவு செய்தான். இந்த வண்டி காலியாக இருக்கும்போதே, எந்த மணலிலும் பின்பக்கம் பிடிக்கிற மாதிரி செய்ய வேண்டும். செய்த அன்றைக்கு ரோசி வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அதுவரை அவள் முகத்தில் விழிப்பதில்லை.

ஆறாவது பட்டையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி உத்தரத்தில் செருகினான்.

2007-இல் ஞானசேகரன் வந்து சேர்ந்தார். சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியர். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஸ்கூட்டர் பஞ்சராகி வந்தவர், பியட்டின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை மறந்துபோனார். வருடத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்த ஒரு தரிசில், அவரும் நண்பர்களும் ஆட்டோகிராஸ் நடத்துவார்கள். தரையில் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக அதற்குள் புகுந்து வர வேண்டும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் வருகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். வீட்டில் கட்டிய வண்டிகளுக்குத் தனிப் பிரிவு.

"புழுதியில எந்த வண்டிக்கும் பின்பக்கம்தான் பிரச்சினை. நீ வா அடைக்கலம்" என்றார். அடைக்கலராஜுக்குப் பந்தயத்தில் ஆசை இல்லை. ஆனால் அரை விநாடி வித்தியாசத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கிற ஒரு கடிகாரமும், வழுக்குகிற ஒரு தரையும் அவனுக்கு வேண்டியிருந்தன. போனான்.

முதல் வருடம் முதல் வளைவிலேயே பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்து, வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்தைப் பார்த்து நின்றது. கூட்டம் கைதட்டியது. அடைக்கலராஜ் இறங்கி ஓரமாகப் போய் நின்றான், சக்கரம் சுற்றிய சத்தத்தைக் கேட்டுவிட்டதால்.

அதற்கப்புறம் வருடம் முழுக்க வேலை. ஐந்து பட்டையை நான்காக்கினான். பின்பக்கம் மிருதுவாகி இரண்டு சக்கரமும் தரையைத் தொட்டன, ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பட்டை முறுக்கிக்கொண்டு அச்சு கிடுகிடுவென்று குதித்தது. பட்டையின் முன்பாதியை மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பாதியை இளக்கமாக விட்டான், குதிப்பு நின்றது. அச்சு பக்கவாட்டில் ஆடியதற்கு ஒரு பைப்பை வெட்டிக் குறுக்கே கட்டினான். ஜீப்பின் ஷாக் அப்சார்பரைச் சாய்த்துப் பொருத்தினான். டயரில் காற்றைப் பாதியாக்கினான். சீட்டுகள், கம்பளம், டிக்கி மூடி எல்லாம் கழன்று போயின. இடது பின்கதவை மட்டும் அவன் தொடவில்லை. அந்தச் சிவப்புச் சக்கரம் அப்படியே இருந்தது.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ரெண்டு மூட்டை மணலைப் பின்னாடி போடேன். வெயிட்டு இருந்தா சக்கரம் தானா பிடிக்கும்" என்றார் ஞானசேகரன் ஒருநாள்.

"வேணாம் சார்."

"அட, சோதிச்சுத்தான் பாரேன்."

"காலியா இருக்கறப்பவே பிடிக்கணும் சார். பாரம் ஏத்தி நான் ஓட்ட மாட்டேன்."

முகத்தைப் பார்த்தவர் அப்போதைக்கு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஏழு வருடத்தில் அவன் பார்க்காத சோதனை என்று ஒன்று இருந்தால் அது அதுதான். ஜெகன் தனியாகத்தான் கிடைத்தான், தனியாகத்தான் மாட்டியிருப்பான், அதனால் அடைக்கலராஜின் சோதனையிலும் வண்டியில் ஒரே ஆள்தான்.

2011 கடைசியில் வந்த புயல் பட்டறையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. உத்தரத்திலிருந்த சாக்கு மூட்டை மட்டும் நேராகப் பியட்டின் பக்கத்தில் விழுந்து கிடந்தது. மூடநம்பிக்கை இல்லாதவன்தான் அடைக்கலராஜ், இருந்தாலும் அதை மறுபடி உத்தரத்தில் வைக்கவில்லை. வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டான். மார்ச் மாதம் சிதம்பரத்துக்குப் போகும்போதும் அது வண்டியில் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரிசு நன்றாகக் காய்ந்து, மேலே ஒரு விரல் கனத்துக்குப் புழுதி நின்றது. காலை ஒன்பது மணிக்கு அவன் முறை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பிறகு எல்லாரும் தடுமாறுகிற அந்த முழுவட்டம். பின்பக்கம் தரையை விட்டு ஒரு நொடிகூட எழும்பவில்லை. எங்கேயும் சக்கரம் சும்மா சுற்றவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது ஞானசேகரன் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார். அடைக்கலராஜுக்கு நேரம் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு ரோசி வீட்டுக்குப் போக வேண்டும். ஏழு வருடமாக ஒத்திப்போட்டது இன்றைக்குத்தான். இறங்கி முகம் கழுவினான்.

திரும்பி வந்தபோது ஒரு பெண் இடது பின்கதவுக்குள் கையை விட்டு அந்தச் சிவப்புச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைதானத்து ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மார்பில் இசைவாணி என்று பெயர் அட்டை.

"தொடாதம்மா" என்றான் அவன், தேவைக்கு மேல் கடுமையாக.

அவள் கையை எடுக்கவில்லை. "இந்த வண்டி கடலூர்ல ஓடுனதா அண்ணே? சுனாமிக்கு முன்னாடி?"

அவன் தலையாட்டினான்.

"நாங்க மங்கலம்பேட்ட. கிறிஸ்மசுக்கு மறுநா கடல் பாக்கணும்னு வந்தோம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இந்த வண்டியிலதான் கூட்டிக்கினு போனாரு. ஏழு பேரு. தண்ணி வந்தப்ப இதத்தான் பிடிச்சிக்கினு இருந்தேன். கையில இதோட தழும்புகூட இருக்கு." உள்ளங்கையைக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே வளைவாக ஒரு கோடு.

அடைக்கலராஜ் வண்டியில் சாய்ந்துகொண்டான்.

அவள் சொன்னாள். முதல் தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்தது. பிள்ளைகளை எல்லாம் அந்த டிரைவர்தான் தூக்கி வண்டிக்குள் போட்டார். எடுத்ததும் சக்கரம் சுற்றியது. எல்லாரையும் இடப்பக்கமாக ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி உட்காரச் சொன்னார். அவள் அப்பா ராஜவேல் பின்னாலிருந்து தள்ளிவிட்டுத் தொற்றிக்கொண்டார். பிடித்துக்கொண்டது. ஒரே மூச்சில் தார் ரோட்டுக்கு ஏறிவிட்டது. அங்கே இறக்கிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஓடிவந்தார்கள். இவர்களை ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்பா அதற்கப்புறம் இரண்டு தடவை கடலூர் வந்து விசாரித்தார். பேரும் தெரியாது, வண்டி நம்பரும் தெரியாது. யாரைக் கேட்பது?

வண்டியின் மூக்கு கடலைப் பார்த்துக் கிடந்தது ஏன் என்று அடைக்கலராஜுக்கு இப்போது விளங்கியது. தண்ணீர் திருப்பவில்லை. ஜெகன்தான் திருப்பியிருக்கிறான். ஏழு பேர் இருந்தபோது அந்த ஆறு பட்டை தாங்கி, இரண்டு சக்கரத்தையும் மணலில் அழுத்தி, மேலே ஏற்றியிருக்கிறது. அவர்களை இறக்கிவிட்ட பிறகு வண்டி காலி.

"அண்ணே, ரோசின்னு யாராச்சும் இருக்காங்களா?" என்றாள் இசைவாணி.

அவன் நிமிர்ந்தான்.

"வழியில ஒரு வீட்டப் பாத்து அந்தப் பேரச் சொல்லித்தான் கத்துனாரு. எனக்கு மறக்கவே இல்ல."

ஞானசேகரனிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அவளைக் கேட்டான், வருகிறாயா என்று. ஆம்புலன்ஸுக்கு மாற்று ஆள் வந்ததும் அவள் பின்பக்கம் ஏறிக்கொண்டாள். சீட் இல்லாததால் தகரத்தில் சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை இடையிடையே அவள் சிவப்புச் சக்கரத்தைப் பிடிப்பது கண்ணாடியில் தெரிந்தது.

ரோசி இப்போது முதுநகரில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வண்டிச் சத்தத்தைக் கேட்டே திரும்பிவிட்டாள். ஈரத்துணி கையிலேயே இருந்தது. ஜோதி மேரி உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தாள்; ஒன்பது வயது, அப்பனின் முகம்.

அடைக்கலராஜ் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது. சாக்கைப் பிரித்துப் பட்டையைத் தரையில் வைத்தான். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல நிற்கிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் கொட்டினான். கேட்டது ஜெகன்தான் என்றாலும் போட்டது நான், காலி வண்டியில் பிடிக்காது என்று தெரிந்தே போட்டேன், சக்கரம் சுற்றி வண்டி நின்றதற்கு இந்த இரும்புதான் காரணம், இதைச் சொல்லப் பயந்துதான் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்றெல்லாம் சொன்னான்.

ரோசி கேட்டு முடித்தாள். "சக்கரம் சுத்துனது எனக்குத் தெரியும்ணே. பக்கத்து வீட்டு மாடியிலேர்ந்து நாந்தான் பாத்தேனே" என்றாள். "இறங்கித் தள்ளுனாரு. அப்புறம் அலை வந்துச்சி. அதெல்லாம் எனக்குத் தெரியும்."

"அன்னிக்கி நீ கேட்டது..."

"நீங்க எங்க கேக்க விட்டீங்க? நான் கேக்க வந்தது வேற." அவள் துணியைப் பிழிந்தாள், அதில் தண்ணீரே இல்லை. "மொத தண்ணி வந்தப்ப நானும் புள்ளையும் கொல்லையில இருந்தோம். வேலிக்கு மேல வண்டிக் கூரை தெரிஞ்சிச்சி. ஆரன் அடிச்சிக்கினே மேல போச்சி. நிக்கல. எங்க வாசலத் தாண்டித்தான் போச்சி, நிக்கல. எங்கள விட்டுட்டுத் தான் மட்டும் ஓடிட்டாரு, அப்புறம் மனசு கேக்காம திரும்பி வந்தாருன்னுதான் நான் நெனச்சிக்கினு இருக்கேன். புள்ளகிட்டகூட அவ அப்பாவப் பத்தி நான் வாயத் தொறக்கறதில்ல. அன்னிக்கி வண்டி எங்க போச்சின்னு உங்களக் கேட்டா தெரியும்னு வந்தேன். நீங்க ஓடுனீங்க."

வீட்டுக்குள் படிக்கிற சத்தம் நின்றிருந்தது.

இசைவாணி முன்னால் வந்து ரோசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மைதானத்தில் சொன்னதையே மறுபடி சொன்னாள், ஏழு பேரின் பெயரையும் சொல்லி. பிறகு, "உங்க பழைய வீட்டப் பாத்து ஜன்னல் வழியா தலைய நீட்டிக் கத்துனாருக்கா. ரோசி, மாடிக்கு ஏறு, புள்ளயத் தூக்கிக்கினு மேல ஏறு, தோ வந்துர்றேன்னு. எங்கம்மா நிறுத்துங்க, அவுங்களையும் ஏத்திக்கலாம்னு அழுதாங்க. நின்னா இந்த வண்டி மணல்ல மறுபடி எடுக்காதும்மா, எல்லாரும் போயிடுவோம்னு சொன்னாரு. சொல்லிட்டு அவரும் அழுதாரு."

ரோசி கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு அடைக்கலராஜைப் பார்த்தாள்.

"நெசமாண்ணே? நின்னா எடுத்திருக்காதா?"

கடலூரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அவன்தான். பட்டைக்கு அரை அங்குலம் வித்தியாசம் என்றால்கூடச் சோதித்துப் பார்க்காமல் வாயைத் திறக்காதவன். காலி வண்டி எடுக்காது. அது அவனுக்கு நூறு தடவை தெரியும். ஏழு பேரோடு, ஒருவர் பின்னால் தள்ள, நின்ற வண்டி எடுத்திருக்குமா? ஒருமுறை எடுத்திருக்கிறது. இரண்டாம் முறையும் எடுத்திருக்கலாம். எடுக்காமலும் போயிருக்கலாம். ஞானசேகரன் சொன்ன இரண்டு மூட்டை மணலை ஏற்றிப் பார்த்திருந்தால் இப்போது சொல்லலாம்.

கதவோரம் ஜோதி மேரி வந்து நின்றாள்.

"எடுக்காது" என்றான் அடைக்கலராஜ். "ஏழு வருசமா அதத்தான் சோதிச்சேன். எத்தன பேரு இருந்தாலும் நின்னா எடுக்காது. அவன் நிறுத்தாதது சரி."

ரோசி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து, "இவகிட்ட ஒரு தடவ சொல்லும்மா" என்று இசைவாணியிடம் மகளை முன்னால் தள்ளிவிட்டாள். இசைவாணி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடைக்கலராஜுக்குக் காப்பி வந்தது. ஏழு வருடத்தில் அந்த வீட்டில் அவன் குடித்த முதல் காப்பி.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஆறாவது பட்டையை வைஸ் இடுக்கியில் கடிக்கவைத்து, கிரைண்டரால் நான்கு துண்டாக அறுத்தான். அந்தச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடாமல் அங்கேயே நின்றான். துண்டுகளைப் பழைய இரும்புக்காரனின் வண்டியில் போட்டான்.

ஞானசேகரன் அடுத்த வாரம் வந்து, போன ஓட்டம் மட்டும் போதாது, பாரம் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம், நானே இரண்டு மூட்டை கொண்டுவந்திருக்கிறேன் என்றார். அடைக்கலராஜ் பியட்டின் அடியில் படுத்திருந்தான். மணல் கொஞ்சம் அவன் தோளில் கொட்டியது.

"வேணாம் சார்" என்றான். "அது எடுக்குதா எடுக்கலையான்னு எனக்குத் தெரிய வேணாம்."